வெள்ளை மண் பூசிய வயிறு

கறுப்பைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். பீங்கான் பட்டறை நடத்துகிறவனுக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும். இரும்புக் கறுப்பு வேறு, மாங்கனீஸ் கறுப்பு வேறு, சூளையில் புகை அடைத்துக்கொண்டால் சரக்கின்மேல் படிகிற கறுப்பு வேறு. இருபத்தைந்து வருடமாக இவற்றைப் பிரித்துச் சொல்லித்தான் பிழைக்கிறேன். ஆனால் அன்று காலை கழிப்பறையில் குனிந்து பார்த்த கறுப்பு இந்த வகை எதிலும் சேராமல், தார் மாதிரிப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. ஒரு மனிதன் தன் கழிவைக் குனிந்து பார்ப்பது நாகரிகமான செயல் அல்ல. ஐம்பது வயதுக்கு மேல் நாகரிகத்தைவிட ஆர்வம் கூடிவிடுகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. முதல் நாள், முந்தைய இரவு சாப்பிட்ட கத்திரிக்காய்மேல் பழியைப் போட்டேன். மூன்றாம் நாள் பழியை ஏற்கக் கத்திரிக்காய் இல்லை. வீட்டில் சுரைக்காய். சுரைக்காய் என்ன முயன்றாலும் கறுக்காது. ஐந்தாம் நாள் கைபேசியில் தேடினேன். நான் நிறையப் படிக்கிறவன் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு, வீட்டில் நான்கு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. அத்தனையும் படித்து வராத பயத்தைக் கைபேசி நான்கே வரியில் கொடுத்தது. மேல்வயிற்றில் எங்கோ ரத்தம் கசிகிறது, கீழே வந்து சேர்வதற்குள் கறுத்துவிடுகிறது, காரணம் புண்ணாக இருக்கலாம், அல்லது. அந்த ‘அல்லது’க்குப் பிறகு இருந்ததை நான் படிக்கவில்லை. படிக்காமலே தெரியும்.

என் அப்பாவுக்கு இருந்தது அதுதான். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வயிறு எரிந்தால் சோடா குடிப்பார், வலித்தால் வாயு என்பார், எடை குறைந்தபோது நடைப்பயிற்சி பலன் தருகிறது என்று சந்தோஷப்பட்டார். கடைசியில் நாங்கள் தூக்காத குறையாகப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்து, “தொறந்தோம், மூடிட்டோம்” என்று அந்த இரண்டு சொல்லை மட்டும் சொன்னார். மூன்று மாதம் இருந்தார் அப்பா. அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. எனக்கு இப்போது ஐம்பத்துமூன்று. இதைக் கழித்துப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

எனக்கு எரிச்சல் புதிது அல்ல. மூன்று வருடமாக இருக்கிறது. அதற்கு நான் செய்துவந்த வைத்தியத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் என் பங்கு அதுதான். எங்கள் பட்டறையில் ப்யூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் செய்கிறோம். அதற்கு வேண்டிய சைனா க்ளே, அதாவது மாவு போல நயமான வெள்ளைக் களிமண், மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதைத் தொட்டியில் கரைக்கிற அம்மா கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒருநாள் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, சுத்தமான மூட்டையிலிருந்து ஒரு ஸ்பூன் மண்ணைப் போட்டுக் கலக்கி நீட்டினார்.

“குடிங்க மொதலாளி. எரிச்சலு அப்பிடியே அடங்கிடும். நான் எத்தினி வருஷமா குடிக்கிறன், கல்லு மாதிரி இருக்கறன் பாருங்க.”

குடித்தேன். அடங்கியது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பலர் இதைச் செய்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் எரிச்சல் வந்தபோது குடித்தார்கள், அத்தோடு விட்டார்கள். நான் அப்படி விடவில்லை, போய்ப் படித்தேன். ஒரு காலத்தில் மருந்துக் கடையில் வயிற்றுப்போக்குக்கு விற்ற வெள்ளை மருந்தில் இதே மண்தான் இருந்தது என்று கண்டுபிடித்தேன். படித்தவனுக்கு இருக்கிற வசதி இது. தான் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஆதாரம் தேடிக்கொள்ளலாம். அன்றிலிருந்து காலை ஒன்று, மாலை ஒன்று. வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி மண் தின்கிறவனோடு குடும்பம் நடத்துவதாக நினைத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதனால்தான் அந்தக் கறுப்பு என்னை இன்னும் குழப்பியது. வெள்ளை மண்ணைத் தின்கிறவனுக்குக் கறுப்பாக வருவது எந்தச் சூளையின் விதி?

பத்தாம் நாள் என் மனைவி கண்டுபிடித்தார். கறுப்பை அல்ல, சட்டையை. பட்டறைக்குக் கிளம்பி நின்றவனை மேலும் கீழும் பார்த்து, அது என்னுடைய சட்டைதானா, யாருடையதையாவது மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேனா என்று கேட்டார். தோள் இறங்கி நின்றது. பிறகு என் கையைப் பிடித்து வெளுத்த நகத்தைப் பார்த்தார். அன்று மாலையே எங்கள் வழக்கமான டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், விரலில் குத்தி ரத்தம் எடுத்தார், ஹீமோகுளோபின் ஏழரை என்று சொன்னார். பதினாலு இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை.

“ஒங்க ரத்தம் எங்கியோ போவுது சார்” என்றார். “எங்கன்னு உள்ள போய்ப் பாத்துடணும்.”

உள்ளே போய்ப் பார்க்கிறவர் புதுச்சேரியிலிருந்து புதன்கிழமை மட்டும் எங்கள் ஊருக்கு வருகிற குடல் டாக்டர். கடலூர் ரோட்டில் ஒரு மருத்துவமனையின் மாடியில் காலை எட்டு மணியிலிருந்து எண்டோஸ்கோபி செய்வார். செவ்வாய் இரவு எட்டு மணிக்குமேல் எதுவும் சாப்பிடக் கூடாது, காலையில் தண்ணீர்கூடக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. வாய் வழியாக ஒரு குழாய் போகும், அதன் முனையில் விளக்கும் கேமராவும் இருக்கும், பத்து நிமிஷம்தான் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். சுண்டுவிரலைக் காட்டினார். அவர் கை சின்னக் கைதான். ஆனால் என் தொண்டையோடு ஒப்பிட்டபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புதன்கிழமை விடிகிற நேரத்தில் எரிச்சல் ஆரம்பித்தது. வழக்கத்தைவிட அதிகம். பயத்துக்குப் புளிப்பு சுரக்கும் போலிருக்கிறது. மனைவி குளிக்கப் போயிருந்தார். நான் சூளை இறக்குவதைப் பார்த்துவிட்டு அரை மணியில் வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். சூளை இறக்க நான் தேவையில்லை. அங்கே நேராகப் போனது மண் மூட்டைக்கு. ஒரு ஸ்பூன் போதாது என்று தோன்றியது. மூன்று போட்டுக் கலக்கிக் குடித்தேன். சீட்டில் சாப்பாடு கூடாது என்றிருந்தது. மண் சாப்பாடு இல்லை. தண்ணீர் கூடாது என்றிருந்தது. அது தண்ணீர் இல்லை, மண். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்துவிட்டு, மனசாட்சியில் ஒரு கீறலும் இல்லாமல் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மருத்துவமனை மாடியில் ஒரு நீள பெஞ்சு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய், ரயில்வே ஜங்ஷன் பக்கம் துணிக்கடை வைத்திருப்பவர், பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். இது அவருக்கு நான்காவது தடவையாம். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது.

“மொத தடவையா சார்?”

ஆமாம் என்றேன்.

“மொத தடவதான் சார் பயம்.”

“அப்புறம் பழகிடுமா பாய்?”

“அதெங்க பழகுது. மொத தடவ என்ன நடக்கும்னு தெரியாம பயப்படுவோம். அப்புறம் தெரிஞ்சி பயப்படுவோம்.”

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சாத்தியது. சற்று நேரத்தில், குழாயடியில் ஈரத்துணி அடைத்துக்கொண்டது போன்ற ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. என் மனைவி என் முழங்காலில் கை வைத்தார். பாய் வெளியே வரும்போது கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பேசவில்லை. பேச முடியவில்லை என்பது பிறகு எனக்கே விளங்கியது.

நர்ஸ் கேட்டார்: காலையில் எதுவும் சாப்பிட்டீர்களா? இல்லை. காப்பி, டீ? இல்லை. மாத்திரை மருந்து? இல்லை. மூன்று பதிலும் உண்மை. வாயைத் திறக்கச் சொல்லி ஏதோ ஒரு கசப்பைத் தொண்டையில் பீய்ச்சினார். இரண்டு நிமிஷத்தில் நாக்கு செருப்புத் தோல் ஆகிவிட்டது. விழுங்குகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கிடையில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுத்தார். டாக்டருக்கு என் மகன் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். மூக்கால் மூச்சு விடுங்க சார், எச்சிலை விழுங்காதீங்க, வெளியே வழியட்டும் என்றார். பிறகு குழாய் வந்தது.

அந்தப் பத்து நிமிஷத்தை வர்ணிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அப்போது நான் வர்ணிக்கிற ஆளாக இல்லை. உடம்பு முழுக்க ஒரே வேலையாக எதையோ வெளியே தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்த எதுவோ உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மூச்சு வருகிறதா என்று சந்தேகமாக இருந்தது. நர்ஸ் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுவது நின்றால் செத்துவிட்டேன் என்று அர்த்தம் என்று ஏனோ முடிவு செய்துவைத்திருந்தேன்.

தட்டுவது நின்றது. தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது, உறிஞ்சுகிற சத்தம், மறுபடி பீய்ச்சுகிற சத்தம்.

“என்னம்மா இது” என்றார் டாக்டர், நர்ஸிடம். “செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குது.”

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய் தொண்டைக்குள் இருக்க, மனிதன் ஒன்றும் சொல்ல முடியாத அந்த நிலையில் தெரிந்துவிட்டது. அவர் கழுவினார். நன்றாகச் சலித்த மண் அது, எளிதில் போகாது. அது என் தொழில் பெருமை. கழுவக் கழுவக் கலங்கிக் கலங்கிப் படிந்தது. உறிஞ்சுகிற குழாய் அடைத்துக்கொள்ளப் போகிறது என்று நர்ஸ் சொன்னார். டாக்டர் எல்லாவற்றையும் வெளியே இழுத்தார்.

எழுந்து உட்கார்ந்தேன். மனைவியை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். மருந்து எதுவும் குடித்தேனா, நேற்று எக்ஸ்ரேவுக்கு வெள்ளையாக ஏதாவது குடிக்கக் கொடுத்தார்களா என்று டாக்டர் மரியாதையாகக் கேட்டார். நாக்கு மரத்திருந்ததால் பேச்சு வரவில்லை. நர்ஸ் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். என் வாழ்நாளில் எத்தனையோ பக்கம் எழுதிப்பார்த்து அடித்திருக்கிறேன். அன்று எழுதியது இரண்டே சொல்: சைனா க்ளே. டாக்டர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தாளை என் மனைவியிடம் கொடுத்தார். அதை மட்டும் அவர் செய்யாமல் இருந்திருக்கலாம்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். டாக்டர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சார், வயித்தோட கீழ்ப்பக்கத்துல ஒண்ணு இருக்குது. அதோட ஓரம் மட்டும் தெரிஞ்சிது. மீதி மேல மண்ணு. அது புண்ணா, வேற எதுவுமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது.”

ரத்தம் குறைவாக இருப்பதால் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்றார். நாளைக்கே புதுச்சேரிக்கு வந்தால் பார்த்துவிடலாம். இல்லை, அடுத்த புதன்தான் என்றால், புளிப்பைக் குறைக்க மாத்திரை தருகிறேன், ஆனால் மயக்கம் வந்தாலோ ரத்தமாக வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது என்றார். என் மனைவி வாயைத் திறப்பதற்குள், திரும்பி வராத நாக்கை வைத்துக்கொண்டே நான் சொன்னேன்: “புதன்.”

புதுச்சேரி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது ஞாபகம் வந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்பதை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம் என்றால் தள்ளிவைப்பேன். இதை அப்போது நான் துணிச்சல் என்று காட்டிக்கொண்டேன்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். பாலத்தில் போகும்போது பின்னால் திரும்பி ஏதாவது சொல்லச் சொன்னேன். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, கையில் இருந்த அந்தத் தாளை மேசைமேல் வைத்தார்.

“ஒங்க அப்பா பாக்காம வுட்டாரு. நீங்க பாக்க வந்தவருக்கும் காட்டாம மண்ணு பூசி வச்சிட்டீங்க.”

எனக்குப் பதில் இருந்தது. எப்போதும் இருக்கும். ஆனால் அவர் சொல்லி முடித்ததும் அழ ஆரம்பித்தார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் என்னோடு சண்டை போட்டு அழுதிருக்கிறார், எனக்காக அழுது பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் என் பயம். இது அவருடையது, அது என்னுடையதைவிடப் பெரியதாக இருந்தது.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், ஓரம் ஓரமாகப் போயிற்று என்பேன். டாக்டர் சொன்ன அந்த ஓரம் எல்லாவற்றிலும் தெரிந்தது. தோசையின் ஓரம், செய்தித்தாளின் ஓரம், சுவரில் ஈரம் இறங்கிய இடத்தின் ஓரம். ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை போட்டேன். தினமும் குனிந்து பார்த்தேன். நிறம் கொஞ்சம் வெளுத்தது. அதை நம்பவும் பயமாக இருந்தது.

என் மனைவி பட்டறைக்கே வந்து, மண் கரைக்கிற அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். திட்டவில்லை. அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடம் வந்து, பட்டறை ஆட்கள் யாரும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

“நான் குடுத்ததாலதான் வந்துச்சா மொதலாளி?”

இல்லை, மண்ணால் புண் வராது, அது உள்ளே இருந்ததை மறைத்தது, அவ்வளவுதான் என்றேன். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அந்த அம்மா தலையாட்டினார், ஆனால் போகவில்லை.

“அப்ப எனக்கும் உள்ள ஏதாச்சும் இருந்தா தெரியாதா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் நகைச்சுவை இல்லை. ஒருநாள் எங்கள் வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போய் என் மனைவி அவருக்கும் ரத்தம் எடுக்க வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. கல்லு மாதிரி. எனக்குச் சந்தோஷமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அடுத்த செவ்வாய் மாலையிலிருந்து நான் கைதி. மனைவி என் வண்டிச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். காலையில் குளிக்கவில்லை, என்னை விட்டுவிட்டுக் குளிக்கப் போன தவறை இரண்டாம் தடவை செய்ய மாட்டாராம். புதன் காலை நர்ஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக என் மனைவியிடம் கேட்டார்.

இந்த முறை கண்ணைத் திறந்துவைத்தேன். தலைமாட்டில் திரை இருந்தது. எச்சில் வழிய, வயிறு குமட்ட, கண்ணீருக்கு நடுவே அதைப் பார்த்தேன். சூளை எரியும்போது சுவரில் இருக்கிற சின்னத் துளை வழியாகப் பார்த்து உள்ளே சரக்கு வெந்துவிட்டதா என்று சொல்வது என் தொழில். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஆனால் இந்தத் துளைக்கு அந்தப் பக்கம் இருந்தது நான். இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக, யாரையும் எதிர்பார்க்காமல் நெளிந்துகொண்டிருந்தது. பிறகு கேமரா திரும்பியது. அங்கே ஒரு குழி. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் பழுப்பு மஞ்சளாக, ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருப்பது போலத் தெரிந்தது. அவ்வளவு பெரிதில்லை, பெரிதாக்கிக் காட்டும் என்று பிறகு சொன்னார்கள். அதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

சூளையிலிருந்து வருகிற ஜாடியில் இப்படிக் குழி விழுந்திருந்தால் நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. கழிவுக் குவியலில் போடச் சொல்லிவிடுவேன். டாக்டர் பார்த்தார். மேலே, கீழே, சுற்றிலும், ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன், தெரியவில்லை. பிறகு மெல்லிய ஒரு இடுக்கி திரையில் நுழைந்து, குழியின் ஓரத்தைக் கிள்ளியது. ஒரு சொட்டு ரத்தம் மலர்ந்தது. வலிக்கவே இல்லை. வலிக்காமல் என்னைக் கிள்ளி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது வலியைவிட மோசமாக இருந்தது. ஆறு இடத்தில் கிள்ளினார்.

புண் என்றார். நல்ல புண்ணா கெட்ட புண்ணா என்பதைக் கிள்ளி எடுத்த சதையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றார். தனக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாராம், தோன்றுவதை வைத்து அவர் பேசுவதில்லையாம். நான் கேட்கத்தான் இருந்தேன்.

சின்னப் பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஒரு மருந்து, அதன் அடியில் அரிசி நொய் போல ஆறு துணுக்கு. சோதனைக் கூடம் கடலூரில். நோயாளியின் ஆட்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம், அதுதான் வழக்கம். இல்லையென்றால் மருத்துவமனைப் பையன் கொண்டுபோவான், நாளைக்குத்தான் ஆகும் என்றார் நர்ஸ். நாளை என்ற சொல்லை என் மனைவி அந்த வாரத்தோடு அகராதியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நானும் பின்னால் நடந்தேன்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், வேகத்தடை வரும்போதெல்லாம் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கொடுத்தார். சரியாகப் பார்த்தால் ஒன்றே முக்காலே சொச்சம் ஆள் ஒரு பக்கம், மீதி பையில். இதை மனைவியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அது நல்லதா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வரேன். நடுவுல பேசாதீங்க.”

வடலூரில் ஏறிய ஒரு பெண், பையில் என்ன இவ்வளவு பத்திரமாக, முட்டையா என்று கேட்டார். மருந்து என்றார் என் மனைவி. வேறு என்ன சொல்வது. எனக்கு அந்தப் பையைப் பார்க்கப் பயமாக இருந்தது. என் உடம்புக்குள் இருந்தவரை நான் அதோடுதான் சாப்பிட்டேன், தூங்கினேன். வெளியே எடுத்து வைத்ததும் அது எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறவன் மாதிரி ஆகிவிட்டது.

எட்டாம் நாள் பட்டறையில் நிற்கும்போது கைபேசிக்கு அறிக்கை வந்தது. திறக்கவில்லை. வெள்ளை மண் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவிக்கு அனுப்பிவைத்தேன். அவருக்கு ஆங்கிலம் என்னைவிடக் குறைவு. அதனால் எதையும் கற்பனை செய்யாமல் படிப்பார் என்பது என் எண்ணம். மூன்று நிமிஷத்தில் கூப்பிட்டார். எங்கேயும் அந்த வார்த்தை இல்லை என்றார். நன்றாகப் பாரு என்றேன். இரண்டு தடவை பார்த்தேன், ‘இல்லை’ என்றுதான் போட்டிருக்குது என்றார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவரும் போனை வைக்கவில்லை.

சந்தோஷம் புதன்கிழமை வரை நீடித்தது. அறிக்கையைப் பார்த்த டாக்டர், புற்று இல்லை, ஒரு கிருமி இருக்கிறது, இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்றார். எழுந்து கை கொடுக்கப் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

“இது வயித்துல இருக்கற புண்ணு சார். எட்டு வாரம் கழிச்சி ஆறிடுச்சான்னு மறுபடி பாக்கணும். சில சமயம் நாம கிள்ளாத எடத்துல இருந்துடும். ஆறலன்னா திரும்பவும் கிள்ளணும்.”

எட்டு வாரம். மருந்து சாப்பிட்டேன், உடம்பு தேறியது, சட்டையின் தோள் மறுபடி என் தோளில் வந்து உட்கார்ந்தது. எல்லாரும் நல்லாயிட்டீங்க என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். ஆனால் கிள்ளாத இடம் என்று ஒன்று இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆறு இடம் கிள்ளியிருக்கிறார். ஏழாவது இடத்தில் அது உட்கார்ந்துகொண்டு, நல்லாயிட்டீங்க என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இரவு உணவுக்குப் பிறகு லேசாக ஏப்பம் வந்தாலும் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். என் மனைவியும் நிறுத்திவிடுவார். அடுத்தது வருகிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம்.

எட்டு வாரம் முடிந்த புதனில், மூன்றாம் தடவையாக, கசப்பு, வளையம், இடது பக்கம் எல்லாம் அதே வரிசை. பாய் சொன்னது சரி. தெரிந்து பயப்படுவது ஒருபடி மேல். குழாய் உள்ளே போய்க் கீழ்ப்பக்கம் திரும்பியது. திரையைப் பார்த்தேன். குழி இல்லை. அந்த இடத்தில் வெளிர் சிவப்பாக ஒரு வடு, அதை நோக்கி மடிப்புகள் எல்லாப் பக்கமிருந்தும் இழுத்துத் தைத்தது போல வந்து சேர்ந்திருந்தன.

“ஆறிடுச்சு சார்” என்றார் டாக்டர். “சுத்தமா ஆறிடுச்சு. வெளிய வரேன்.”

குழாய் பின்னால் நகரத் தொடங்கியது. நான் அந்தக் குழாயை இரண்டு மாதத்துக்கும் மேலாகச் சபித்தவன். அது வெளியே வர வேண்டும் என்பதைத் தவிர உடம்பில் ஒவ்வொரு தசையும் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் என் கை எழுந்தது. படுக்கையை இரண்டு தடவை தட்டினேன். பிறகு ஒரு விரலை உயர்த்தினேன்.

குழாய் நின்றது.

“என்ன சார், மூச்சு முட்டுதா?”

இல்லை என்று விரலை ஆட்டினேன். மறுபடி ஒன்று என்று காட்டினேன். திரையைக் காட்டினேன்.

டாக்டர் என் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நர்ஸ் தட்டுவதை நிறுத்தவில்லை.

“இன்னொரு தடவ பாக்கணுமா?”

தலையை ஆட்ட முடியாது. கண்ணை மூடித் திறந்தேன். அவர் குழாயை மெதுவாகத் திருப்பிக்கொண்டு கீழே போனார். குமட்டல் அலை அலையாக வந்தது. வடுவை மேலேயிருந்து காட்டினார், கீழேயிருந்து காட்டினார். பிறகு சுற்றியிருந்த இடத்தை, நான் கேட்காமலே, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் காட்டிக்கொண்டு வந்தார். நான் எண்ணினேன். ஏழாவது இடத்தைத் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.